மின்கட்டணச் சீட்டை வாசிக்கும் முறை

மளிகைக் கடைச் சீட்டை வரி வரியாகப் பார்த்து, கால் கிலோ புளிக்குக்கூடக் கணக்குக் கேட்கும் நாம், மின்சாரச் சீட்டில் மட்டும் முடிவிலுள்ள தொகையைப் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சுடன் மடித்து வைத்துவிடுகிறோம். வட்டியையும் வரவு செலவையும் விரல் நுனியில் கணக்கிட்டு வாழ்ந்த செட்டிநாட்டிலே, காரைக்குடியை அடுத்த எங்கள் மானகிரியிலும் இதுவே வழக்கமாக இருக்கிறது. அந்தச் சீட்டை எவ்வாறு வாசிப்பது என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் யூனிட் என்பது யாது? ஆயிரம் வாட் ஆற்றலுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். இரண்டாயிரம் வாட் வெந்நீர்க் கொதிகலன் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும். 75 வாட் மின்விசிறியோ பத்து மணி நேரம் சுழன்றாலும் முக்கால் யூனிட்டுதான் செலவழிக்கும். மீட்டரில் இப்போது காணும் எண்ணிலிருந்து சென்ற முறை குறித்த எண்ணைக் கழித்தால் வருவது நாம் செலவழித்த யூனிட். சீட்டின் உயிர்நாடி இந்தக் கழித்தல் கணக்கே ஆகும்.

அடுத்தது விலை. 1957 ஜூலை முதல் நாள் அமைந்த மின்வாரியம் இன்று பல நிறுவனங்களாகப் பிரிந்துவிட்டது. கட்டண விகிதங்களைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. அதில் ஒரு பகுதியை மாநில அரசு மானியமாக ஏற்கிறது. இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட்டுக்கு வீடுகளில் கட்டணம் இல்லை என்ற சலுகை 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அதற்குமேல் படிப்படியாக விலை ஏறுகிறது.

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த விகிதங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மொத்தச் செலவு 500 யூனிட்டுக்குள் அடங்கினால், இரண்டாவது நூறு யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு. அடுத்த இருநூறுக்கு 4 ரூபாய் 50 காசு. அதற்கடுத்த நூறுக்கு 6 ரூபாய். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 2024 ஜூலையில் விகிதங்கள் மறுபடியும் உயர்ந்தன. எனினும் படிகளைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கே எளியது.

2023-ஆம் ஆண்டில் எங்கள் ஊர் ஆச்சி ஒருவர் என்னிடம் இரண்டு சீட்டுகளைக் கொண்டுவந்தார். அவர்கள் வீடு பழைய காலத்துப் பெரிய வீடு. ஒரே வளவில் மூன்று பங்காளிக் குடும்பங்கள். மீட்டர் மட்டும் ஒன்று. "சென்ற தடவை 490 யூனிட், இந்தத் தடவை 510. இருபது யூனிட்டுக்கு 365 ரூபாய் ஏறுமா தம்பி? இனி யார் பங்கு எவ்வளவு என்று பிள்ளைகளுக்குள் பேச்சு வளர்கிறது" என்று வருந்தினார். சீட்டில் பிழை இல்லை. மொத்தம் 500-ஐத் தாண்டியதும், இரண்டாவது நூறுக்குக் கிடைத்த அரை விலைச் சலுகை முழுவதும் போய்விடுகிறது. அதுவே 225 ரூபாய். மேற்சென்ற யூனிட்டுகளுக்கு விலை 8 ரூபாய். ஆதலால் 500 யூனிட்டுக்கு 1,725 ஆன கட்டணம், 501 யூனிட்டுக்கு 1,958 ஆகிறது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! வீட்டில் யாரும் விளக்கை வீணாக எரிக்கவில்லை என்று அறிந்ததும் ஆச்சியின் முகம் தெளிந்தது. பங்குப் பேச்சும் ஓய்ந்தது.

இதிலிருந்து நாட்களின் முக்கியத்துவமும் விளங்கும். நாளொன்றுக்கு எட்டு யூனிட் செலவழிக்கும் வீட்டில் அறுபது நாளுக்கு 480 யூனிட்; கட்டணம் 1,605 ரூபாய். கணக்கெடுப்பு ஐந்து நாள் தாமதித்தால் 520 யூனிட். கட்டணம் 2,110 ரூபாய். அடுத்த முறை 55 நாளில் 440 யூனிட்டுக்கு 1,365 ரூபாய் வந்தாலும், இரண்டையும் கூட்டினால் 265 ரூபாய் அதிகம். மின்சாரம் ஒரு யூனிட்டும் கூடவில்லை. தேதி ஒன்றே மாறியது.

ஆகவே, நேயர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். மீட்டர் எண்ணையும் தேதியையும் மாதந்தோறும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கணக்கெடுப்புத் தேதி தள்ளிப்போனாலோ எண் பொருந்தாவிட்டாலோ, அந்தக் குறிப்புடன் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். தீராவிட்டால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. தனி அடுப்பு வைத்து வாழும் பங்காளிகள், தங்கள் பகுதிக்குத் தனி இணைப்புப் பெற வழியுண்டா என்று அங்கேயே விசாரிக்கலாம்.

மூன்றாவது, 500-க்கு அருகில் நிற்கும் வீடுகளுக்குச் சிறு சிக்கனமும் பெரும் பலன் தரும். நான்கு 75 வாட் மின்விசிறிகள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால், அறுபது நாளில் 180 யூனிட். அவற்றிற்குப் பதிலாக 30 வாட் அளவே எடுக்கும் புதுவகை விசிறிகளை மாட்டினால் 72 யூனிட்டே ஆகும். மேலும் முற்றத்து வெளிச்சம் பட்டாசாலை வரை வரும்படி வீடு கட்டிய நம் முன்னோரின் யோசனைக்கு எந்த மீட்டரும் கணக்கு எழுதுவதில்லை. பகலில் அந்தக் கதவுகளைத் திறந்து வைப்பது, கட்டணச் சீட்டுக்கும் நன்று, கண்ணுக்கும் நன்று.