மூளை உறைக்குப் பரவும் மார்பகப் புற்றுநோய்

தறியில் அமர்பவருக்குப் பட்டு இழை இரண்டாகத் தெரிந்தால், கண்ணாடி மாற்றவேண்டும் என்று எண்ணுவது காஞ்சிபுரத்தில் இயல்பே. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராயின், அவர் முதலில் தம் புற்றுநோய் மருத்துவரிடம் வருவதே நன்று. காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அமைந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கையில், தொலைவைக் கருதித் தயங்க வேண்டியதில்லை.

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் சூழ்ந்துள்ளன. உள்ளுறைகள் இரண்டின் இடையே தெளிந்த நீர் ஓடுகிறது. மூளையின் உள்ளறைகளில் உள்ளதையும் சேர்த்தால் அது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். புற்றணுக்கள் அந்நீரில் கலந்தால், அது செல்லுமிடமெல்லாம் படியக்கூடும். ஆகவேதான் அறிகுறிகள் தொடர்பற்றவைபோல் தோன்றுகின்றன: விடியலில் மிகும் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, முகக்கோணல், கால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு. வீட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் கற்பித்துக்கொள்வர். மருத்துவர்களாகிய நாங்களும் சிலவேளை அவ்வாறே செய்துவிடுகிறோம். சிகிச்சையின்றி விட்டால் ஆயுள் பெரும்பாலும் சில வாரங்களே.

எம்.ஆர்.ஐ. படத்துடன், இடுப்புப் பகுதியில் ஊசியிட்டு நீரெடுத்தும் சோதிக்கிறோம். அதனால் கால் விழுந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். ஊசி நுழையுமிடத்திற்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. முதன்முறை புற்றணு தென்படாவிடினும் நோய் இல்லை என்று கொள்ள இயலாது. மறுமுறை கேட்பது அதனால்தான்.

நரம்பில் ஏற்றும் மருந்துகள் பல மூளை நீரைப் போதிய அளவு எட்டுவதில்லை. எனவே மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றை நேரே அந்நீரில் செலுத்துகிறோம். இதற்கெனத் தலைத்தோலின் கீழ்ப் பொருத்தும் சிறு குமிழை 1963இல் அறிமுகப்படுத்தியவர் அயூப் ஒம்மாயா. வலியோ தளர்ச்சியோ தரும் இடத்திற்குக் கதிர்வீச்சு அளிக்கிறோம். மூளை, தண்டுவடம் முழுமைக்கும் அளிக்கும் புரோட்டான் கதிர்வீச்சு, தேர்ந்தெடுத்த நோயாளிகளின் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டித்ததை 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை உண்டு. செலவு மிகுதி, எல்லோருக்கும் பொருந்துவதுமன்று.

நோய் முற்றும் நீங்கும் என்று நாங்கள் கூறுவதில்லை. தலைவலி தணிந்து, தெளிவாகப் பேசி இருக்கும் மாதங்களே எங்கள் நோக்கம். "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று பிள்ளைகள் வாயிற்படியில் கேட்டுக்கொள்வதுண்டு. அன்பினால் கேட்கிறார்கள், எனினும் எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு சிகிச்சை வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். வைகாசிக் கருடசேவையைக் காணவேண்டும் என்று அவர் விரும்பினால், முன்கூட்டியே தெரிவியுங்கள். ஊசி போடும் நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.