காசுக்கட்டிக்குள் பதுங்கிய சரக்கு! ஊதாக் கரைசல் காட்டிக் கொடுத்தது

வெற்றிலையில் சுண்ணாம்புக்குப் பக்கத்தில் செம்பழுப்பாக ஒன்றைத் தடவுகிறாரே பீடாக் கடைக்காரர், அது என்ன தெரியுமா? காசுக்கட்டி! காட்டு மரத்தின் வைரத்திலிருந்து வருகிற சரக்கு.

மரத்தின் பெயர் கருங்காலி. வடக்கே 'கைர்' என்பார்கள். வேல மரத்துக்குப் பங்காளி; கிளையெல்லாம் முள். இமயமலை அடிவாரக் காடுகளில் நிறைய உண்டு. வைரத்தைச் சீவி, தண்ணீரில் கொதிக்க வைத்து, வடிகட்டிச் சுண்டக் காய்ச்சி ஆற வைத்தால் கட்டி தட்டும். மிச்சக் கறுப்புச் சாறு ஒரு காலத்தில் மீன் வலைக்கும் படகுப் பாய்க்கும் சாயமாகப் போனது.

ஆசாமி யார்?

19-ம் நூற்றாண்டிலேயே ரசாயன நிபுணர்கள் இந்தக் கட்டியைக் குடைந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் 'கேட்டசின்'. காசுக்கட்டியின் இங்கிலீஷ் பெயர் 'கேட்டச்சு'. அதிலிருந்து வந்த பெயர்தான் இது. கிரீன் டீயில் இருப்பதும் இதே வம்சம்தான்!

உடம்புக்குள் எலெக்ட்ரான் ஜோடி இல்லாத அணுக்கூட்டங்கள் சில அலையும். பக்கத்தில் இருப்பதைப் பிடுங்கி ரகளை செய்கிற ரவுடிகள் இவை. தன்னிடம் இருப்பதைக் கொடுத்து இவற்றை அடக்குகிற பொருள்தான் ஆக்சிஜனேற்றத் தடுப்பான். கேட்டசின் அந்த ரகம்.

அடையாள அணிவகுப்பு

காட்டு மரத்தில் இந்தச் சரக்கு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மரத்தூளை மெத்தனாலில் ஊற வைத்துச் சாறு எடுப்பார்கள். 'டி.பி.பி.எச்.' என்று ஒரு கரைசல். நல்ல ஊதா நிறம். அதில் இருப்பதும் ஒரு ரவுடிதான். சாற்றைக் கலந்ததும் ஊதா வெளிறி மஞ்சளானால், ஆள் அடங்கிவிட்டான் என்று அர்த்தம்! 1958-ல் வெளியான சோதனை இது. இன்றும் நடக்கிறது.

ஆனால் சாற்றில் ஒரு கூட்டமே இருக்கும். அடக்கியது எது? சாற்றைக் குழாய் வழியாக ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, எடை போடுகிறார்கள். கேட்டசின் என்றால் மூலக்கூறு எடை 290. ஆள் சிக்கிவிட்டான்!

மருந்தே வினையானது

கதை இதோடு முடியவில்லை. இதே கேட்டசினை 'சியானிடனால்' என்ற பெயரில் ஐரோப்பாவில் கல்லீரல் நோய்க்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை வந்தது. 1985-ல் மாத்திரை வாபஸ்!

காசுக்கட்டியில் நல்ல சரக்கு இருக்கிறதே என்று பீடாவுக்குச் சலுகை கொடுக்க வேண்டாம். கூடவே போகிற பாக்கு, புகையிலை இல்லாவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அறிக்கை வெளியிட்டுவிட்டது.

கருங்காலி மாலை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கன்னங்கரேல் என்று இருக்கும் கருங்காலி வேறு மரம். எந்த மரமானாலும், கழுத்தில் தொங்குகிற மணியிலிருந்து கேட்டசின் ரத்தத்தில் சேராது.

"இயற்கைச் சரக்குதானே" என்று மரப்பொடியை வாங்கி முழுங்குகிறவர்களே, உஷார்! ஊதா மஞ்சளாவது கண்ணாடிக் குழாயில். உடம்பு கண்ணாடிக் குழாய் அல்ல. டாக்டரைக் கேட்டுவிட்டு வாயில் போடுங்கள்.