மூச்சை அடக்கிக் குலை தூக்காதீர்கள்

தோழர்களே, 20 கிலோ செம்பனைக் குலையைத் தூக்கும்போது நம்மில் பலர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் குப்பென்று ஏறுகிறது. தலை சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

மண்டோர் ஏசிவிட்டார், படபடப்பு அடங்கலையா? மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும். ஐந்து நிமிஷம் போதும். மருந்து தெளிக்கும் நிரையில் மட்டும் இது வேண்டாம்!

நெஞ்சு இறுக்கி, கை கடுத்து, வேர்த்துக் கொட்டினால் அது களைப்பல்ல. "கொஞ்சம் குந்தினா சரியாயிடும்" என்று நிழலில் ஒதுங்குவார்கள். மூச்சுப் பயிற்சி அதற்கு மருந்தாகாது. குலை கிடக்கட்டும், பக்கத்து நிரைக்காரரைக் கூப்பிட்டு உடனே 999-க்குப் போன் போடச் சொல்லுங்கள்.