கவனம் என்னும் தவம்

அறிவைத் தேடி ஊர் ஊராக நடந்த காலம் மறைந்து, தேடாமலேயே தகவல்கள் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் காலத்தில் வாழ்கிறோம். ஒரு நூலகமே சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. ஆனால், ஒரு நூலை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்து முடிப்பது அரிதாகிவிட்டது. எதையும் கற்க முடியும் என்கிற வசதிக்கும், எதிலும் நிலைகொள்ளாத மனத்துக்கும் இடையே நம் நாள்கள் கழிகின்றன.

திருவண்ணாமலையில் இதை நான் கண்கூடாகக் காண்கிறேன். பௌர்ணமி இரவுகளில் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பெருந்திரளாக மக்கள் நடக்கின்றனர். அவர்களில் பலரது பார்வை மலையின் மீது இல்லை. கைப்பேசித் திரையின் மீது இருக்கிறது. இதைப் பக்திக் குறைவு என்று நான் கருதவில்லை. வேலை, குடும்பம், கடன், செய்தி என்று நூறு திசைகளில் இழுக்கப்படும் மனம், நடக்கும் அந்தச் சில மணி நேரத்திலும் விடுதலை பெறவில்லை என்பதே உண்மை.

மனம் அலைபாய்வது கைப்பேசி கொண்டுவந்த நோயன்று. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற கிறிஸ்தவத் துறவி இதை 'நண்பகல் பேய்' என்று அழைத்தார். தனியறையில் அமர்ந்திருக்கும் துறவிக்குப் பொழுது நகர மறுக்கிறது. சூரியன் எங்கே இருக்கிறது என்று அடிக்கடி வெளியே எட்டிப் பார்க்கிறான்; யாராவது வருகிறார்களா என்று தேடுகிறான்; வேறோர் இடத்துக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று எண்ணுகிறான். இன்று திரையை நொடிக்கொரு முறை விரலால் தள்ளும் நமக்கு இந்தச் சித்திரம் அந்நியமானதன்று.

இதற்கு மருந்தாகக் கிறிஸ்தவத் துறவு மரபு கண்டவற்றுள் ஒன்று கல்வி. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவு ஒழுங்கு, உடலுழைப்புக்கும் வேண்டுதலுக்கும் மட்டுமன்றி, வாசிப்புக்கும் நேரம் ஒதுக்கியது. தவக்காலத்தில் துறவியர் ஒவ்வொருவரும் ஒரு நூலைப் பெற்று, இடையில் விடாமல் தொடர்ச்சியாகப் படித்து முடிக்க வேண்டும். வாசிப்பு நேரத்தில் எவரேனும் வீண்பேச்சில் ஈடுபடுகிறாரா என்று மூத்தோர் சுற்றிவந்து கவனிக்க வேண்டும் என்றுகூட அதில் விதி உண்டு. கல்வியை அவர்கள் தகவல் சேகரிப்பாகக் கருதவில்லை. மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் பயிற்சியாகக் கருதினர். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் கடந்த நூற்றாண்டில் இதையே வேறு வகையில் விளக்கினார். ஒரு கணக்குக்கு விடை கிடைக்காமல் போனாலும், அதற்காகச் செலுத்திய கவனம் வீணாவதில்லை. அது மனிதனை இறைவேண்டலுக்கும், துயருறும் மற்றொரு மனிதனைக் கவனிப்பதற்கும் தயார்செய்கிறது என்பது அவருடைய கருத்து.

இந்த மரபில் வந்த ஒருவர்தாம் ஆன்ரி லெ சோ. 1910-இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிறந்தவர். 1929-இல் பெனடிக்ட் சபையின் கெர்கோனான் மடத்தில் சேர்ந்து, அங்கு நூலகராகவும் பணியாற்றினார். இந்தியா செல்ல வேண்டும் என்ற ஆவலோடு பல்லாண்டுகள் காத்திருந்தார். 1948-இல் அது நிறைவேறியது. குளித்தலையில் பணியாற்றிவந்த பிரெஞ்சுக் குருவான ஜூல் மொன்ஷானினுடன் அவர் இணைந்தார். இருவரும் 1950-இல் காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் தொடங்கிய சச்சிதானந்த ஆசிரமத்தையே இன்று சாந்திவனம் என்று அறிகிறோம். அங்கு அவர் காவி உடுத்தினார். அபிஷிக்தானந்தர் என்ற பெயரையும் ஏற்றார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1949 ஜனவரியில், அவர் மொன்ஷானினுடன் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைக் கண்டார். முதல் தரிசனம் அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. நிறையப் படித்திருந்தார், என்ன காண வேண்டும் என்பதையும் முன்கூட்டியே மனத்தில் வரைந்திருந்தார். அந்த எதிர்பார்ப்பே திரையாக நின்று மறைத்தது. ரமணாச்ரமத்தில் தங்கியிருந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி, நீங்கள் மிகுந்த மூட்டை முடிச்சுகளோடு வந்திருக்கிறீர்கள், அவற்றை இறக்கிவைத்துவிட்டுச் சும்மா இருங்கள் என்ற பொருளில் அவரிடம் பேசியதாக, அருணாசலத்தைப் பற்றிய தமது நூலில் அவர் குறிப்பிட்டுள்ளார். இருபது ஆண்டுகள் துறவு மடத்தில் பயின்ற ஒருவர், ஆசிரமத்தில் சந்தித்த ஒரு பெண்மணியின் அறிவுரையை மதித்து ஏற்றுக்கொண்டதுதான் அவருடைய இரண்டாம் கல்வியின் தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மகரிஷி 1950 ஏப்ரலில் மறைந்தார். ஆனால், லெ சோ திரும்பத் திரும்ப மலைக்கு வந்தார். 1950-களின் முற்பகுதியில் அருணாசலத்தின் குகைகளில் பலமுறை மௌனத்தில் தங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. பலர் கற்பதை நிறுத்திவிடும் அந்த வயதில், அவர் தமிழ் பயின்றார், உபநிடதங்களில் ஆழ்ந்தார்.

அவரது வாழ்க்கை எளிதான சமரசக் கதையன்று. தாம் நேசித்த கிறிஸ்துவையும், மலையின் மௌனத்தில் தாம் உணர்ந்த அத்வைதத்தையும் எப்படி ஒருங்கே ஏற்பது என்ற கேள்வி அவரை வாட்டியது. அந்த வேதனையை அவருடைய நாட்குறிப்புகள் மறைக்கவில்லை. பிற சமயங்களில் காணப்படும் உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் அறிவித்தது 1965-இல்தான். குகையில் அமர்ந்திருந்த நாள்களில் அந்த ஆதரவு அவருக்கு இல்லை. கேள்வியைக் கைவிட்டுப் பழைய நம்பிக்கைக்குள் ஒதுங்கியிருக்கலாம். நம்பிக்கையைக் கைவிட்டு நிம்மதி தேடியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. 1960-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1973 டிசம்பரில் இந்தூரில் மறையும்வரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார். கால் நூற்றாண்டுக் காலம் ஒரே கேள்வியோடு வாழ்ந்தார்.

நாம் இழந்திருப்பது இந்த ஆற்றலையே. ஒரு கேள்வி எழுந்ததும் அதற்கு ஒரு விடை திரையில் வந்து விழுகிறது. அது நம்மை மாற்றுவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். சமய நம்பிக்கையும் அப்படியே ஆகிவிட்டது. பிற சமயத்தாரைப் பற்றிய கருத்துகள் நம்மிடம் ஏராளமாக உள்ளன. ஆனால், அவர்களுடைய நூல் ஒன்றை முழுமையாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? கவனம் குறையும் இடத்தில் வெறுப்பு எளிதாகக் குடியேறிவிடுகிறது. ரமணரேகூட இளமையில் மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் பயின்றவர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

குகை வாழ்வு எல்லோருக்கும் உரியதன்று. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடுபவர்களுக்கு ஜி.யு. போப்பின் வாழ்வு இன்னும் நெருக்கமான சான்று. கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினார் என்பது மரபு. அந்தத் திருவெம்பாவையை உள்ளடக்கிய திருவாசகத்தை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்தவர் போப். 1839-இல் கிறிஸ்தவ ஊழியராகத் தமிழ்நாட்டுக்கு வந்த அவர், திருக்குறளை 1886-லும், நாலடியாரை 1893-லும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசகம் வெளிவந்தது 1900-இல், அவரது 80-ஆம் வயதில். தம் முதுமையை எண்ணி அவர் தயங்கியபோது, பெரும்பணி ஒன்றைக் கையில் கொண்டிருப்பதே நீண்டநாள் வாழும் வழி என்று ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜோவெட் ஊக்கமூட்டியதை அந்நூலின் முன்னுரையில் போப் பதிவுசெய்திருக்கிறார். தமது நம்பிக்கையில் உறுதியாக நின்றபடியே ஒரு சைவ நூலுக்குத் தம் இறுதி ஆண்டுகளை அவரால் அளிக்க முடிந்தது.

கைப்பேசியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வசதியற்ற வீட்டு மாணவருக்கு அதுவே வகுப்பறை. வயதான பலருக்கு அதுவே துணை. கருவியாக இருக்கும்வரை அதனால் நன்மையே. நம் நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று அது தீர்மானிக்கத் தொடங்கும்போதுதான் வாழ்வு நோக்கத்தை இழக்கிறது. நாள்தோறும் அரைமணி நேரம், ஒரே நூல், ஒரே மொழி, அல்லது ஒரே கலை என்று வரையறுத்துக்கொள்வது எவருக்கும் இயலும். அந்த நேரத்தில் விடை தேடும் அவசரம் வேண்டாம். நம் நம்பிக்கைக்கு வெளியே உள்ள ஒரு நூலையும் ஆண்டுக்கொரு முறையேனும் முழுமையாகப் படிக்கலாம்.

நோக்கமுள்ள வாழ்வு ஒரே நாளில் எடுக்கும் பெருமுடிவால் அமைவதில்லை. எதன் மீது நம் கவனத்தை நாள்தோறும் செலுத்துகிறோமோ, அதுவாகவே மெல்ல நம் வாழ்வு உருவாகிறது. அந்தக் கவனம் யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை இன்னமும் நம்மிடமே இருக்கிறது.