கூப்பிட்டால் போக வேண்டும்!

கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே மூட்டையைக் கட்டிப் புறப்பட்டு விடுகிறோம். ஆனால் மோட்டார் கம்பெனியிலிருந்து, "உங்கள் வண்டியில் ஒரு குறை இருக்கலாம், கொண்டு வாருங்கள், இனாமாகச் சரி செய்து தருகிறோம்" என்று செய்தி வந்தால் மட்டும், "ஓடுகிற வண்டிக்கு வைத்தியம் எதற்கு?" என்று சும்மா இருந்து விடுகிறோம். இந்த அசட்டை குடும்பத்துக்கு நல்லதல்ல.

சென்னைக்கு மேற்கே வசிக்கும் நேயர்களுக்கு மோட்டார்த் தொழில் புதிதன்று. பாடியில் பிரேக்குகளும் மின்சாரக் கருவிகளும் உற்பத்தியாகின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனையோ பட்டறைகள் உதிரிப் பாகங்கள் செய்கின்றன. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர்ச் சாலையில் சென்றால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு வண்டி பல கைகள் கூடிச் செய்யும் காரியம்; ஓரிடத்தில் நேரும் பிழை ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஏறிவிடும் என்பதை இங்குள்ள தொழிலாளிகள் நன்கறிவார்கள்.

சென்னையின் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 2021 மே மாதத்தில் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. வெளியிலிருந்து வாங்கிய இக்னிஷன் காயிலில் குறை. அதனால் எஞ்சின் தடுமாறலாம், வேகம் குன்றலாம், அபூர்வமாக மின்கசிவும் நேரலாம். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வண்டிகளுக்கே காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்று கம்பெனி மதிப்பிட்டது. அந்தச் சிலவற்றில் நமது வண்டியும் ஒன்றா என்பதைச் சோதித்தாலன்றி எப்படி அறிவது? தகப்பனார் ஓட்ட, பின்னால் தாயார், நடுவில் குழந்தை என்று லாரிகளுக்கிடையே போகும் வண்டி நடுச் சாலையில் நின்றால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

'ரீகால்' எனப்படும் இவ்வேற்பாட்டுக்கு வழிவகுத்த சட்டத்தை அமெரிக்கா 1966-லேயே இயற்றியது. நமது நாட்டில் 2012-இல் மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் தானாகவே ஒரு விதிமுறையை ஏற்றுக்கொண்டது. பிறகு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்கு அளித்தது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. குறையைத் தானே கண்டு முன்வந்து அறிவிக்கும் கம்பெனிக்கு அபராதம் இல்லை. ஆகவே அறிவிப்பு வெளியிட்ட கம்பெனியை இகழ்வதில் பொருளில்லை. மறைப்பவர்களைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

ஒரு சங்கடம் உண்டு. கம்பெனியின் கடிதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருடைய விலாசத்துக்கே போகிறது. கைமாறிய வண்டியை வைத்திருப்பவருக்கும், வீடு மாறியவருக்கும் விஷயமே தெரியாமற் போகலாம். ஆதலால் கடிதத்துக்காகக் காத்திராமல் நாமே விசாரிப்பது நலம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் இணையதளத்திலோ, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்திலோ கேளுங்கள். வாரண்டி முடிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். அது வேறு, இது வேறு. ஆனால், நாளடைவில் தேய்ந்துபோன டயரையும் பிரேக் கட்டையையும் இதிலே சேர்த்துக் கேட்பது நியாயமாகாது.

வேலை முடிந்ததும், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்து மூலம் ரசீது பெறுங்கள். பணம் கேட்டாலோ, தட்டிக் கழித்தாலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வண்டிக்குரிய விலையை நாம் முன்னமே கொடுத்தாகிவிட்டது; பத்திரமான வண்டியைப் பெறுவது நமது பாத்தியதை. வண்டியை அடுத்தவருக்கு விற்கும்போது இந்த ரசீதையும் சேர்த்துக் கொடுத்தால், முகமறியாத இன்னொரு குடும்பத்துக்கும் உபகாரம் செய்தவர்களாவோம்.