ஷோரூமில் நிற்பது பாதி வண்டி

நெடும்பயணத்துக்கென்று மோட்டார் சைக்கிள் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சிசி?". அடுத்தது "எவ்வளவு வேகம் போகும்?". இரண்டாவதற்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்சவரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அதைவிட வேகமாகப் போகத் தோதான சாலைகளில் பல நம்மை உள்ளேயே விடுவதில்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் மையப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு இடமில்லை. மும்பை–புணே விரைவுச்சாலையிலும் அப்படித்தான். நிலைமை இப்படியிருக்க, ஒரு வண்டி பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட எத்தனை நொடி எடுக்கிறது என்பதை வைத்தே விளம்பரங்களும் விமர்சனங்களும் தரம் பிரிக்கின்றன. அந்தச் சோதனை ஒரே ஓட்டுநரை வைத்து, பையும் பெட்டியும் இல்லாத வண்டியில் நடப்பது. நம் வீடுகளிலிருந்து யாரும் அப்படிப் பயணம் கிளம்புவதில்லை. பின்னால் மனைவியோ நண்பரோ, இரண்டு பக்கமும் பைகள், மேலே மழைக்கோட்டும் தண்ணீர் பாட்டிலும். அந்தச் சுமையோடு வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்காதவர் பாதி வண்டியைத்தான் பார்த்திருக்கிறார்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவர் 75 கிலோ, பின்னால் இருப்பவர் 65, சாமான்கள் 20, பைகளும் அவற்றைத் தாங்கும் கம்பிகளும் 10. ஆக 170 கிலோ. டிரயம்ஃப் ஸ்பீடு 400 வண்டியின் எடை 176 கிலோ, திறன் 40 குதிரைத்திறன். தனியாக ஓட்டினால் ஒரு டன்னுக்கு 159 குதிரைத்திறன் என்ற விகிதம் வருகிறது. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650-இன் எடை 241 கிலோ, திறன் 47. தனியாளாக ஓட்டும்போது அதன் விகிதம் 149. சின்ன வண்டி சுறுசுறுப்பாகத் தெரிவதற்கு இந்தப் பத்துதான் காரணம். 170 கிலோவை இரண்டிலும் ஏற்றுங்கள்: முன்னது 116, பின்னது 114. கிட்டத்தட்ட சமம். காலி வண்டியில் தெரிந்த வித்தியாசம் சுமையில் கரைந்துவிடுகிறது, ஏனென்றால் எடை குறைந்த வண்டிக்கு அதே 170 கிலோ விகிதத்தில் பெரிய பாரம். 40 குதிரைத்திறனும் 196 கிலோவும் கொண்ட ஹிமாலயன் 450 சுமையோடு 109-இல் நிற்கிறது. 250 சிசி சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 79, மீட்டியோர் 350 ஏறக்குறைய 57. இந்த எண்களுக்காக யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. நிறுவனம் அச்சிடும் தாளும் வீட்டிலிருக்கும் எடைபார்க்கும் கருவியும் போதும். எடை என்று அந்தத் தாள் சொல்வது எதை என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ராயல் என்ஃபீல்டு தன் வண்டிகளுக்குச் சொல்வது ஆயிலும் 90 சதவீத பெட்ரோலும் சேர்ந்த எடை. பெட்ரோல் இல்லாத எடையைச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோ எங்கேயோ காணாமல் போயிருக்கும்.

57 என்பது போதாதா? சமதரையில் போதும். மோட்டார் சைக்கிளின் பெரிய எதிரி எடை அல்ல, காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகவும் அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாகவும் கூடும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியை எதிர்காற்று இல்லாத சமதரையில் 80-இல் நடத்த, தோராயக் கணக்கில், ஆறேழு குதிரைத்திறன், 100-இல் பன்னிரண்டு, 120-இல் பத்தொன்பது இருபது. இருபது குதிரைத்திறன் கொண்ட 350 சிசி வண்டிக்கு 80-இல் பாதிக்குமேல் சக்தி கையிருப்பில் இருக்கிறது. 120-இல் கையிருப்பு காலி. ஆகவே சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் திருச்சி வரை போய்வர இருபது போதும் என்பவர்கள் தவறு சொல்லவில்லை. கையிருப்பைத் தின்பது மலை. 360 கிலோ எடையோடு, நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில் 60-இல் ஏறுவதென்றால் அந்த ஏற்றத்துக்கு மட்டுமே ஐந்து குதிரைத்திறன் போய்விடும். கொண்டை ஊசி வளைவு முடிந்து மறுபடி வேகமெடுப்பது தனிக்கணக்கு. கொல்லிமலைப் பாதையில் அப்படி எழுபது வளைவுகள். அங்கே உச்சத் திறனைவிட, அடி ஆர்பிஎம்மில் இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் பேசும். பழைய ஹிமாலயன் 411-க்கு இருபத்து நான்கு குதிரைத்திறன்தான், ஆனால் அதன் 32 நியூட்டன் மீட்டர் இழுவை 4,000-ஐ ஒட்டியே வந்துவிடும். அதற்குப் பின் வந்த 450-இல் இழுவை 40. அது உச்சம் தொடுவது 5,500-இல். ஸ்பீடு 400-இன் 37.5-க்கு 6,500 வரை இன்ஜினை முறுக்க வேண்டும். வேகமாகக் கியர் மாற்றி ஓட்டுகிறவருக்கு இது குறையல்ல. பின்னால் அம்மாவை உட்காரவைத்து, இரண்டாம் கியரில் சத்தமில்லாமல் வளைவு தாண்ட நினைப்பவருக்கு இது தினப்படித் தொல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அதிகத் திறன் என்பது வேகத்துக்காக அல்ல, பாதுகாப்புக்காக. இருவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பார்கள். உண்மைதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தாண்டல் நடப்பது 50-க்கும் 80-க்கும் இடையில். பூஜ்யத்திலிருந்து நூறு என்ற கணக்கிலோ கிளட்சை விடும் திறமையும் கலந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது, நான்காம் அல்லது ஐந்தாம் கியரில் 50-இல் போய்க்கொண்டிருக்கும் வண்டி, கியரைக் குறைக்காமல், இரண்டு பேரோடு 80-ஐ எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது என்பது. கைப்பேசியிலுள்ள நேரமானியைப் பின்னால் இருப்பவரிடம் கொடுத்துவிட்டால், ஆளில்லாத சாலையில் இதை அளந்துவிடலாம்.

சுமை எவ்வளவு என்பதோடு, அது எங்கே உட்காருகிறது என்பதும் சேர்ந்ததுதான் டூரிங் வண்டியின் தரம். பின்னால் இருப்பவரும் மேல்பெட்டியும் பின்சக்கர அச்சுக்கு மேலேயோ அதைத் தாண்டியோ வருகிறார்கள். முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில்பார் மிதப்பதுபோல் இருக்கும், பின் ஸ்பிரிங் அமுங்கி, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கிறதா, அதற்கான ஸ்பேனர் வண்டியோடு வருகிறதா, கை போகும் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல விற்பனையாளர்களுக்கே இதற்குப் பதில் தெரியாது. உரிமையாளர் கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று போட்டிருக்கும்; நாம் போட்ட 170 அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்தவர்கள் வெகு சிலரே. மேல்பெட்டிக்கும் பக்கப்பைக்கும் தனித்தனி வரம்பு உண்டு, அது பெரும்பாலும் ஒற்றை இலக்கக் கிலோதான். டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் இரட்டை இலக்க எண்ணும் சுமையைத்தான் சொல்கிறது: 66 என்றால் 300 கிலோ, 69 என்றால் 325. பின்டயர் மாற்றும்போது விலை குறைந்ததைத் தேடுகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்கள். பிரேக்கும் இந்தக் கணக்கில் சேரும். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம், ஆனால் முன்சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலே விதி நிறைவேறிவிடும். தனியாக ஓட்டும்போது பின்பிரேக் வெறும் துணைதான். பின்சக்கரத்தில் நூறு கிலோ கூடும்போது நிறுத்தும் வேலையில் அதற்கும் நல்ல பங்கு வந்துவிடுகிறது. மலையிறக்கத்தில், மழையில், அந்தச் சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருப்பதன் அருமை தெரியும்.

பஞ்சரையும் இப்படியே பார்க்க வேண்டும். டியூப்லெஸ் டயர் என்றால் ஆணியைப் பிடுங்கி, பிசின் திரியைச் செருகி, காற்றடித்துக் கிளம்பலாம். டியூப் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாவிட்டால், பைகளையெல்லாம் இறக்கிவைத்து வண்டியை எதன்மேல் சாய்ப்பது என்று தேட வேண்டும். ஹிமாலயன் 450 முதலில் டியூப் சக்கரங்களோடுதான் வந்தது. டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் பிறகுதான் கிடைத்தது. பழைய வண்டி வாங்குபவர் இதைப் பார்த்து வாங்கட்டும். பெட்ரோல் டாங்கின் அளவை மட்டும் நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லடாக் போகும் வழியில் டாண்டி பங்க்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தாண்டி என்று எழுதிய பலகை பிரசித்தம். அங்கே 17 லிட்டர் டாங்க் ஒரு வரம். சென்னை–கன்னியாகுமரி சாலையில் வண்டிக்கு முன்பே நமக்கு நிறுத்தம் தேவைப்பட்டுவிடும்.

அப்படியானால் கனமான, பெரிய வண்டியே நல்லதா? இல்லை. சுமையில் நிலைத்து ஓடும் அந்தக் கனத்தை, ஓடாத நேரத்தில் நாம்தான் சுமக்கிறோம். 241 கிலோ வண்டியைச் சரிவான வாகன நிறுத்தத்திலிருந்து பின்னோக்கித் தள்ளி எடுத்துப் பார்த்தால்தான் அது புரியும். மீட்டியோர் 350-இன் இருக்கை 765 மில்லிமீட்டர் உயரம். ஹிமாலயன் 450-இன் இருக்கை 825, உயர்த்தினால் 845. ஐந்தரை அடிக்காரர் காலியாக நிற்கும் உயர வண்டியில் முன்பாதத்தை ஊன்றிச் சமாளித்துவிடலாம். பின்னால் ஆள் ஏறும் அந்த மூன்று நொடியில், ஜல்லி கிடக்கும் சாலையோரத்தில், நுனிக்கால் போதாது. வண்டியைக் கீழே போடுகிறவர்களில் பலர் நின்றுகொண்டிருந்தவர்கள்தான்.

சிசி கணக்கில் 350 என்ற கோடு சாலையில் ஒன்றும் செய்வதில்லை, பணப்பையில் செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, கூடுதல் வரியோடு 31-ஆக இருந்தது 40-ஆக ஏறியது. 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் அங்கேதான் பிரிகிறது: புது வண்டிக்குக் கட்டாயமான ஐந்தாண்டுக் காப்பீடு 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. "வருஷத்துக்கு இரண்டு முறை வெளியூர் போகிறேன், மிச்ச நாளெல்லாம் ஆபீஸ்தான், அந்த இரண்டு பயணத்துக்காகவா சுமைக்கணக்குப் பார்ப்பது?" என்று ஒருவர் கேட்டால், அவர் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அவருக்கு வேண்டியது கோட்டுக்குக் கீழே இருக்கும் வண்டி; அந்த இரண்டு பயணத்தில் மலையை மெதுவாக ஏறிக்கொள்ளலாம். கோட்டைத் தாண்டிப் பணம் கட்டுகிறவர் அந்தக் கூடுதல் பணத்தைத் தருவது பயணத்துக்காகத்தான். அவர் ஆபீஸ் போகும் வண்டியைச் சோதிப்பதுபோல் அதைச் சோதிப்பது விநோதம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். ஷோரூமில் தரும் சோதனை ஓட்டம் பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டர்தான். அதில் சைலன்சர் சத்தம் தெரியும், வேறெதுவும் தெரியாது. கூடப் பயணம் செய்யப்போகிறவரை அழைத்துப்போய்ப் பின்னால் உட்காரவைப்பதை யாரும் தடுப்பதில்லை, ஆனால் பலரும் அவரைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக ஓட்டிப் பார்க்கிறார்கள். மீதிக்கு, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகள் பெங்களூரிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன. வாங்க நினைக்கும் அதே ரகத்தை ஒரு நாள் எடுத்து, இரண்டு பேரும் பைகளும் ஏறி, 80-இல் ஒரே சீராக ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு கால்மிதியில் எப்போது உறைக்கத் தொடங்குகிறது, பின்னால் வரும் காரின் எண்பலகை கண்ணாடியில் நடுங்காமல் தெரிகிறதா, ரேடியேட்டர் விசிறியின் சூடு எந்தக் காலில் அடிக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பின்னால் இருப்பவர் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ரகத்தைப் பார்க்கலாம். 40 சதவீத வரி இன்னும் கையிலேயே இருக்கிறது.