தூத்துக்குடி: கோடிகள் வருகின்றன... கரையேறுவது யார்?

தூத்துக்குடித் துறைமுகம் இயற்கை தந்த கொடை அல்ல. அரசுப் பணம் கட்டியது. திறந்த கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கல் கொட்டி எழுப்பிய பிறகுதான் பெரிய கப்பல்கள் கரையோரம் வந்தன. அந்தப் பணமும் கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. 1967-ல் முதலமைச்சர் அண்ணா, சேலம் உருக்காலையோடு இந்தத் துறைமுகத்தையும் கேட்டு ‘எழுச்சி நாள்’ நடத்த வேண்டியிருந்தது. 1974 ஜூலை 11 அன்று இது நாட்டின் 10-வது பெரிய துறைமுகமானது.

பலன் அடுத்தடுத்து வந்தது. நிலக்கரி கப்பலில் இறங்கியதால் 1,050 மெகாவாட் அனல் மின்நிலையம் வந்தது. உர ஆலைக்கு மூலப்பொருள் கடல்வழி வந்தது. லாரி செட், குடோன், ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ், டீக்கடை என்று ஊரே துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்தது.

ஆனால், இந்தக் கரையின் பழைய தொழிலான முத்துக் குளிப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-ல். 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். அந்த வெற்றி ஆய்வுக்கூடத்தைத் தாண்டிக் கரையோரக் குடும்பங்களின் பிழைப்பாக மாறவில்லை. திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் இன்றும் படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் டியூபை வாயில் கவ்விக்கொண்டுதான் இறங்குகிறார்கள். மேலே இன்ஜின் நின்றால் கீழே மூச்சும் நிற்கும்.

இப்போது இன்னொரு அலை. 7,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வெளித்துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களுக்குத் தொழில் வரவேண்டும் என்று நிலத்தின் விலையிலும் மாநில அரசு சலுகை தருகிறது.

துறைமுகத்தில் போடும் பணமும் ஆலைக்குத் தரும் சலுகையும் ஒன்றல்ல. துறைமுகம், சாலை, தண்ணீர் ஆகியவற்றில் போடும் பணம் ஊரில் எல்லோருக்கும் உதவும்; ஒரு கம்பெனி போனாலும் இன்னொன்று வரும். தனி நிறுவனத்துக்குத் தரும் சலுகையின் பலன், அந்த நிறுவனம் இருக்கும்வரைதான். அந்த நிறுவனத்தையும் மக்கள் நம்ப வேண்டும். மாசு புகாருக்கு ஆளான ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தில் 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் பலியானார்கள். சில நாட்களில் ஆலைக்கும் பூட்டு விழுந்தது. மாசுக் கட்டுப்பாட்டில் நம்பிக்கை போனால் உயிரும் போகும், வேலையும் போகும்.

நேராக மக்கள் கைக்கே போகும் பணத்தின் கதை வேறு. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளிக்கு அரசு தரும் 5,000 ரூபாய் பெரிய திட்டமல்ல. ஆனால், அந்தப் பணம் முழுவதும் அரிசியாக, பள்ளிக் கட்டணமாக உள்ளூர்க் கடைத்தெருவிலேயே சுற்றுகிறது.

எனவே, சலுகை பெறும் ஒவ்வொரு ஆலையும் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேருக்கு, எந்தச் சம்பளத்தில் வேலை தந்தது என்பதை ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். மீனவர், உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆலைகளுக்கேற்ற ஐ.டி.ஐ. பயிற்சி தர வேண்டும். அடிக்கல் எண்ணிக்கையைச் சொல்வது விளம்பரம். சம்பளப் பட்டியலைக் காட்டுவதுதான் கணக்கு.